கடலை சாக்லேட் ‘பை’ ஏன் உறையவில்லை?

கேள்வி: மகள் பிறந்தநாளுக்கு பீநட் பட்டரும் சாக்லேட்டும் வைத்துக் குளிர்ந்த ‘பை’ செய்தேன். கடையில் வாங்காமல் நிலக்கடலையை வறுத்து மிக்சியில் நானே அரைத்தேன். பாக்கெட் ஃப்ரெஷ் கிரீமும் சேர்த்தேன். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும், வெட்டினால் கூழாக வழிந்தது; ஓரத்தில் எண்ணெயும் கசிந்தது. நம்ம ஊர் வெக்கைதான் காரணமா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வெக்கை இல்லை, எண்ணெய்தான். நிலக்கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். தேங்காய் எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும். கடலை எண்ணெய் சற்றுக் கெட்டிப்படுமே தவிர அப்படி உறையாது. கடை பீநட் பட்டர் பலவற்றில் ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பைச் சேர்ப்பதால் எண்ணெய் பிரியாமல் நிற்கிறது. நீங்கள் அரைத்ததில் அது கிடையாது. அதற்காகக் கடைச் சரக்குக்குப் போக வேண்டாம். குளிரில் இறுகுகிற வேறொரு கொழுப்பைச் சேருங்கள். என் தேர்வு சாக்லேட்.

200 கிராம் கடலை விழுதில், உருக்கிய டார்க் சாக்லேட் 100 கிராமைக் கலந்து ஆறவிடுங்கள். பாக்கெட்டில் ‘கோகோ பட்டர்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது உடல் சூட்டை ஒட்டி உருகும், ஃப்ரிட்ஜில் நன்றாக இறுகும். உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் திரிந்துவிடும். கடலை அரைக்கும்போதும் தண்ணீர் கூடாது. மிக்சியை விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

ஃப்ரெஷ் கிரீமும் ஒரு காரணம். அதில் கொழுப்பு 25 சதவீதம் அளவுதான்; எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. அதற்குப் பதில், துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 250 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. தயிர் ஃப்ரிட்ஜ் குளிரோடு இருக்கக் கூடாது; சாக்லேட் கட்டிகட்டியாகும். மேலே ஊற்றும் சாக்லேட்டுக்கு அதே ஃப்ரெஷ் கிரீம் அருமையாகப் பொருந்தும்: சூடான கிரீம் 100 மில்லி, நறுக்கிய சாக்லேட் 100 கிராம்.

அடித்தட்டுக்கு மாரி பிஸ்கட் பொடி 150 கிராம், உருக்கிய வெண்ணெய் 75 கிராம். நம் பக்கத்தில் இருந்துகொண்டு கோவில்பட்டி கடலை மிட்டாயை விடலாமா? 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். கரிசல் மண் கடலையும் தாமிரபரணித் தண்ணீரும்தான் அதன் ருசி என்பார்கள் செய்கிறவர்கள். இடித்து ஒரு கைப்பிடி தூவினால் ‘பை’ நம்மூர்ப் பலகாரமாகிவிடும். ஆனால் வெல்லம் ஈரம் இழுக்கும். பரிமாறுவதற்குச் சற்று முன் தூவுங்கள்.

ஆறு மணி நேரமாவது குளிரட்டும். வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் வெட்டி, மீதியை உடனே ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள்.

கடலை வாங்கும்போது பூஞ்சை பிடித்தது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்டுவிட்டே பரிமாறுங்கள்.