கண்டிப் புகையிலிருந்து காத்துக்கொள்ள

மலைகள் சூழ்ந்த கிண்ணம் கண்டி. காற்று அசையாத குளிர்காலையில் பஸ், லொறி, ஓட்டோ கக்கும் புகை மேலெழாமல் அங்கேயே தேங்கும். அதிலுள்ள, 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். இத்துகள்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2013இல் அறிவித்தது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், இயங்கும் எஞ்சினுக்குப் பின்னால் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். துணி முகக்கவசம் போதாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வேண்டும். வாவியைச் சுற்றி நடப்பவர்கள் பாடசாலை நேர நெரிசலைத் தவிர்க்கலாம்.

விறகடுப்பும் இதே துகள்களைத்தான் தருகிறது. காய்ந்த விறகு, புகைபோக்கி, திறந்த ஜன்னல் மூன்றும் அவசியம். கைக்குழந்தையோடு அடுப்படியில் நிற்கவே வேண்டாம். முற்றத்தில் பொலித்தீன் எரிப்பதை இன்றே நிறுத்துங்கள்.