ஒழுகும் எஞ்சின்: ஒரு பௌதிகப் பாடம்

நம் விடுதிகளின் வண்டிக் கொட்டகைகளில் பழைய மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வண்டியைப் பார்க்க வேண்டியதில்லை. தரையைப் பார்த்தாலே போதும். கறுத்த எண்ணெய்க் கறை ஒன்று வட்டமாகப் படிந்திருக்கும். உரிமையாளரைக் கேட்டால் இரண்டில் ஒரு விடை கிடைக்கும். "பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்பது ஒன்று. "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும்" என்பது மற்றொன்று. முதல் விடை சோம்பலின் விளைவு. இரண்டாவது விடை வண்டியையே கெடுப்பது. இரண்டுக்கும் இடையே அறிவுக்குப் பொருந்திய வழி ஒன்று உண்டு என்பதைக் காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒழுகல் அற்ப விஷயம் அன்று. சுமார் இருபது சொட்டு எண்ணெய் ஒரு மில்லிலிட்டர் ஆகும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் எட்டு மணி நேரம் ஒழுகினால் 480 சொட்டு, அதாவது 24 மில்லிலிட்டர். முப்பது இரவுகளில் இது 720 மில்லிலிட்டர் ஆகிவிடும். இரண்டேகால் லிட்டர் எண்ணெய் கொள்ளும் எஞ்சினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே மாதத்தில் மண்ணுக்குப் போய்விடுகிறது. அதைக் கவனியாமல் நெடுந்தூரம் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரத்தின் டயரில் எண்ணெய் படிந்தால் வளைவில் வண்டி வழுக்கும். ஆகவே இது பணத்தை மட்டுமன்றி உயிரையும் பொறுத்த விஷயம்.

எடுத்துக்காட்டு வண்டி

எடுத்துக்காட்டாகப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை எடுத்துக்கொள்வோம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அங்கிருந்து வெளிவந்த 350 சி.சி. வண்டிகள் நாடெங்கும் இன்றும் ஓடுகின்றன. மாணவர்கள் விலைக்கு வாங்கும் பழைய வண்டிகளிலும் இவை பல. நானும் இத்தகைய ஒன்றையே ஓட்டுகிறேன். சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். ஆக, கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். எண்ணெய்த் தொட்டி தனியே தொங்காமல் கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே ஓர் அறையாக அமைந்துள்ளது. இனிச் சொல்லப்போகும் முறை வேறு பழைய வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மூன்று காரணங்கள்

மெல்லிய இடுக்கு ஒன்றின் வழியே திரவம் எவ்வளவு பாயும் என்பதைப் பௌதிக வகுப்பில் படித்திருக்கிறோம். பாயும் அளவு, இரு பக்கத்து அழுத்த வேறுபாட்டுக்கு நேர் விகிதத்திலும், திரவத்தின் பாகுத்தன்மைக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். இடுக்கின் அகலத்தைப் பொறுத்தவரை அது அகலத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு நேர் விகிதமாகும். இடுக்கைப் பாதியாக்கினால் ஒழுகல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். இடுக்கு இரட்டித்தால் ஒழுகல் எட்டு மடங்காகும்.

ஆகவே ஒழுகும் எஞ்சினிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. உள்ளே அழுத்தம் ஏன் மிகுந்தது? இடுக்கு எங்கே, ஏன் உண்டாயிற்று? எண்ணெயின் தன்மையும் அளவும் சரியா? இவ்வரிசையை மாற்றலாகாது என்பதே என் கருத்து. அழுத்தத்தைக் கவனியாமல் ஓர் இடுக்கை அடைத்தால், எண்ணெய் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். நோயையும் அதன் மூலத்தையும் கண்டபின்பே தணிக்கும் வழியைத் தேட வேண்டுமென்று மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த முறை பட்டறைக்கும் பொருந்தும்.

ஊற்றுக்கண்ணைக் காணல்

சொட்டு விழும் இடம் வேறு. எண்ணெய் வெளிப்படும் இடம் வேறு. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். நிற்கும் வண்டியில் அது கீழ்நோக்கி வழியும். ஆகவே ஊற்றுக்கண் எப்போதும் ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்பக்கத்து முனையில் இருக்கும்.

எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு முழுதும் கழுவித் துடைத்து உலர்த்துக. பிறகு முகத்துக்குப் பூசும் பவுடரைச் சந்தேகமான இணைப்புகள் மீது மெல்லத் தூவுக. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், முதலில் கசிந்த இடத்தில் பவுடர் நனைந்து கறுத்திருக்கும். அன்றிரவு வண்டியின் கீழே பழைய அட்டை ஒன்றைப் பரப்பிவைக்க வேண்டும். ஓடும்போது கசிவது எது, நிற்கும்போது சொட்டுவது எது என்று இவ்விரு சோதனைகளும் பிரித்துக் காட்டும். முன்னதற்குப் பெரும்பாலும் உள்ளழுத்தமே காரணம். பின்னதற்கு எண்ணெயின் எடையே காரணம்.

எண்ணெயின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் கறுத்திருக்கும். இடப்பக்கத்தில் கிளட்சும் சங்கிலியும் உள்ள பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. அது எளிதில் அவ்வளவு கறுப்பதில்லை. கியர் பெட்டியிலிருந்து வருவது கெட்டியாகப் பசைபோல் இருக்கும். இடப்பக்கப் பெட்டியில் எண்ணெய் மட்டம் தானே உயர்ந்துகொண்டு போனால், கிராங்க் தண்டின் ஆயில் சீல் தேய்ந்து எஞ்சின் எண்ணெய் அங்கே புகுகிறது என்று அறியலாம்.

அழுத்தம்

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு தடவையும் 346 கன சென்டிமீட்டர் காற்றைக் கிராங்க் கேஸுக்குள் அமுக்குகிறது. மேலே செல்லும்போது அதே அளவை இழுக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் இது நொடிக்கு ஐம்பது தடவை நிகழ்கிறது. இதனோடு பிஸ்டன் ரிங்குகளின் வழியே கசியும் எரிந்த வாயுவும் சேர்கிறது. இவ்வளவையும் வெளியே விடுவதற்காகவே மூச்சுக்குழாய் அமைந்துள்ளது. அதில் வாத்தின் அலகு போன்ற சிறு ரப்பர் வால்வு ஒன்று உண்டு. அது காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. எனவே சில சுற்றுகளுக்குள் கிராங்க் கேஸின் சராசரி அழுத்தம் வெளிக் காற்றழுத்தத்தைவிடச் சற்றுக் குறைந்துவிடும். அப்போது சிறு இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளே செல்ல முயலுமேயன்றி எண்ணெய் வெளியே வராது.

ரப்பர் காய்ந்து ஒட்டிக்கொண்டாலோ, குழாய் மடங்கினாலோ, புழுதி அடைத்தாலோ நிலைமை தலைகீழாகும். பத்து சென்டிமீட்டர் உயர எண்ணெய் தரும் அழுத்தம் சுமார் 850 பாஸ்கல். மூச்சு அடைபட்டு உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மிகுந்தாலும் அது 10,000 பாஸ்கல்; அதாவது பன்னிரண்டு மடங்கு. எந்த பேக்கிங் இதை நெடுநாள் தாங்கும்?

என் வண்டியின் ராக்கர் மூடிகளுக்கு ஒரு பட்டறையில் இருமுறை புது பேக்கிங் போட்டார்கள். இருமுறையும் முந்நூறு கிலோமீட்டருக்குள் ஈரம் திரும்பியது. பிறகு மூச்சுக்குழாயைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் அலகு கல்லாக இறுகி, வாய் ஒட்டிக் கிடந்தது. சிறு தொகைக்குப் புது வால்வு வாங்கிப் பொருத்தி இருபது கிலோமீட்டர் ஓட்டியபின், ராக்கர் மூடிகள் இரண்டும் உலர்ந்திருந்தன. சிலிண்டரின் வலப்பக்கத்து அடியிலுள்ள டேப்பட் மூடி மட்டும் ஈரமாக இருந்தது. ஆக, ஒரு கசிவுக்குக் காரணம் அழுத்தம்; மற்றதற்குக் காரணம் இடுக்கு.

இடுக்கு

அலுமினியம் வெப்பத்தால் இரும்பைப் போல இரு மடங்கு விரியும். நூறு மில்லிமீட்டர் நீளத்தை நூறு டிகிரி சூடாக்கினால் அலுமினியம் 0.23 மில்லிமீட்டரும் வார்ப்பிரும்பு 0.11 மில்லிமீட்டரும் நீளும். இந்த எஞ்சினில் கிராங்க் கேஸும் ஹெட்டும் அலுமினியம்; நடுவிலுள்ள சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒவ்வொரு பயணத்திலும் இவை ஒன்றன்மேல் ஒன்று நுட்பமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த அசைவைத் தாங்கி இடைவெளியை நிரப்புவதே பேக்கிங்கின் தொழில். அது காய்ந்து இறுகினால் தொழிலும் முடிந்தது.

இங்கேதான் "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்னும் அறிவுரை கேடு செய்கிறது. அலுமினியத்தில் இறங்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன்-மீட்டர் முறுக்கு போதும். பதினைந்து சென்டிமீட்டர் ஸ்பானரின் முனையில் ஏழு கிலோ எடையளவு அழுத்தினால் இது கிடைத்துவிடும். முப்பது சென்டிமீட்டர் ஸ்பானரில் இருபது கிலோ அளவு அழுத்தினால் முறுக்கு ஆறு மடங்காகும். விளைவு என்ன? ஒன்று, மரை பிய்ந்து வரும். அல்லது துளையைச் சுற்றியுள்ள உலோகம் மேடிட்டு, மூடி வில்லாக வளையும். டேப்பட் மூடியையும் இடப்பக்கச் சங்கிலிப் பெட்டியையும் பிடித்திருப்பது நடுவே ஒரே ஒரு நட்டுதான். அதை மிகுதியாக இறுக்க இறுக்க நடுப்பகுதி குழிந்து ஓரங்கள் தூக்கும், ஒழுகல் வளரும்.

மூடி வளைந்துள்ளதா என்பதைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து அறியலாம். வளைந்திருந்தால் கண்ணாடியின் மேல் 400-ஆம் எண் உப்புத்தாளைப் பரப்பி, சிறிது எண்ணெய் விட்டு, மூடியின் முகத்தை எட்டு எழுதுவதுபோல் மெல்லத் தேய்க்க வேண்டும். முகம் முழுதும் ஒரே நிறமாகும்வரை தேய்த்தால் போதும். தேய்த்த தூள் முழுதும் போகக் கழுவியபின்பே பூட்ட வேண்டும். என் டேப்பட் மூடிக்கு இந்த வேலை அரைமணி நேரம் பிடித்தது. பேக்கிங் தாளும் கார்க்கும் நம் ஐதராபாத்தில் ராணிகஞ்சுக் கடைகளில் கிடைக்கும். மூடியைத் தாளின்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து நாமே வெட்டிக்கொள்ளலாம். போல்ட்டுகள் பல உள்ள இடத்தில் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, இரண்டு மூன்று சுற்றில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

சிலிகான் பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெளியே எவ்வளவு பசை பிதுங்கி நிற்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் துண்டாகி எண்ணெயோடு கலந்து பம்பின் வாயை அடைக்கும். ஒழுகலை நிறுத்தப்போய் எஞ்சினையே நிறுத்திய கதையாகிவிடும். பூசத்தான் வேண்டுமெனில், நெய் தடவிய தோசைக்கல் போன்ற மெல்லிய பூச்சே போதும்.

வடிகால் போல்ட்டின் செம்பு வாஷர் இறுகிவிட்டால் அதை எறிய வேண்டியதில்லை. மங்கிய சிவப்பாகும்வரை சுட்டுத் தண்ணீரில் போட்டால் செம்பு மீண்டும் மென்மையாகும். சுழலும் தண்டுகளிலுள்ள ஆயில் சீல் இறுகினால் மாற்றத்தான் வேண்டும். புது சீல் போட்டும் கசிந்தால் தண்டைத் தடவிப் பார்க்கவும். பழைய சீலின் உதடு அங்கே பள்ளம் அறுத்திருக்கும். புதியதைச் சற்று முன்னோ பின்னோ அமர்த்தி, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்தால் கசிவு நிற்கும்.

எண்ணெய்

இந்த எஞ்சினுக்கு உரியது 20-டபிள்யூ-50 வகை எண்ணெய். அதன் பாகுத்தன்மை 100 டிகிரியில் 40 டிகிரியில் உள்ளதில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். வீட்டு வாசலில் உலர்ந்திருந்த இணைப்பு, வெயிலில் நெடுந்தூரம் ஓடியபின் கசிவதன் மர்மம் இதுவே. இன்னும் மெல்லிய எண்ணெயை ஊற்றினால் கசிவு மிகும்.

அளவு பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பல நாள் நிற்கும் வண்டியில் தொட்டியின் எண்ணெய் பம்பின் வழியே மெல்லக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அப்போது அளவுக் கோல் குறைவாகக் காட்டும். உடனே மேலும் ஊற்றினால், எஞ்சின் ஓடியதும் மிகுதியான எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே வெளியே கொட்டும். ஆகவே எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியபின்பே அளவு பார்க்க வேண்டும்.

எல்லை

இத்தனை செய்தும் மூச்சுக்குழாயிலிருந்து புகை ஓயாமல் வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அதற்குச் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுவதே வழி. பேக்கிங்கில் செலவிடும் பணம் அப்போது வீண். கிராங்க் கேஸில் விரிசல் கண்டாலும், மரை பிய்ந்திருந்தாலும் தேர்ந்த தொழிலாளரிடம் செல்வதே முறை. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றலாகாது. சட்டம் அதை அபாயகரமான கழிவாக வகுத்துள்ளது. அதைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுக்கவும்.

நண்பர்களே, இவ்வேலைக்குத் தேவையானவை ஒரு டப்பா பவுடர், ஒரு கண்ணாடித் துண்டு, ஓர் உப்புத்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆய்வுக்கூடத்தில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றிச் சோதிக்கிறோம் அல்லவா? வண்டியிலும் அவ்வாறே செய்க. மூச்சுக்குழாயையும் பேக்கிங்கையும் எண்ணெயையும் ஒரே நாளில் மாற்றினால் ஒழுகல் நிற்கலாம். எதனால் நின்றது என்பது தெரியாது. அது தெரியாதவனுக்கு அடுத்த ஒழுகல் மீண்டும் முதல் ஒழுகலே. என் வண்டியில் கியர் பெட்டியின் அடியில் இன்னும் இரவுக்கு இரண்டு மூன்று சொட்டு விழுகிறது. அடுத்த விடுமுறை நாளில் அதைக் கவனிக்க எண்ணியுள்ளேன். உடனிருந்து பார்க்க விரும்புவோர் வரலாம்.