மேன் பக்கம் சொன்னதும் கெர்னல் செய்ததும்

ப்ளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸில் உபுண்டு பாடம் படித்திருப்பீர்கள். அதன் உள்ளே இருக்கும் கெர்னல் லினக்ஸ். சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ்-இலும் அதேதான். நாம் எழுதும் புரோகிராம் நேராக ஹார்ட் டிஸ்க்கைத் தொட முடியாது. "இதை எழுதிக் கொடு" என்று கெர்னலிடம் கேட்கணும். அப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால். (கால் என்றால் நம்ம கால் இல்லை, அழைப்பு!)

ஒவ்வொரு காலும் என்ன செய்யும் என்று சொல்லும் பக்கம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. டெர்மினலில் 'மேன் 2 ரைட்' என்று அடித்தால் வரும். அந்த 2-ஐ விட்டுவிட்டால் வேறொரு 'ரைட்' வந்து நிற்கும். நான் ஒரு சாயங்காலம் பூரா அந்தத் தப்புப் பக்கத்தைத்தான் படித்தேன்!

கெர்னல் ஓரிடத்தில் மாறுகிறது, பக்கம் வேறிடத்தில் எழுதப்படுகிறது. 2004 முதல் பல வருஷம் இந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டவர் மைக்கேல் கெரிஸ்க்.

நம்ம ஊத்தங்கரைப் பக்கம் மாங்காய் சீசனில் ஒரு மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நோட்டில் இரண்டு பேர் கணக்கு எழுதுகிறார்கள். இருவருமே "அடுத்த காலி வரி 12" என்று பார்த்துவிட்டு எழுதினால், ஒருவர் எழுதியதன் மேலேயே மற்றவர் எழுதிவிடுவார். ஒரு லோடு கணக்கே காணாமல் போகும். ஒரே ஃபைலைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பிராசஸ்களுக்கும் இதுதான் நடந்தது. இடம் பார்ப்பது, எழுதுவது, குறியை நகர்த்துவது எல்லாம் இடையில் யாரும் நுழையாமல் நடக்கணும் என்பது போசிக்ஸ் விதி. லினக்ஸ் அப்படிச் செய்யவில்லை. 2014 பிப்ரவரியில் கெரிஸ்க் இதை கெர்னல் எழுதுபவர்களிடம் எடுத்துச் சொன்னார். அடுத்த மாதமே வந்த 3.14-இல் சரிசெய்துவிட்டார்கள்.

எப்போதும் கெர்னலையே திருத்துவார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரே ரைட்டில் 3 ஜிபி எழுதச் சொன்னால், 64 பிட் மெஷினிலும் 2,147,479,552 பைட்தான் எழுதும். எவ்வளவு எழுதியது என்ற எண்ணைத் திருப்பித் தரும். இதை மாற்றவில்லை, பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்க்காத புரோகிராமில் ஃபைலின் மிச்சம் சத்தமில்லாமல் போய்விடும்.

என்னைக் கேட்டால், பழைய புரோகிராம்கள் நம்பியிருக்கும் பழக்கத்தை மாற்றுவதைவிடப் பக்கத்தைத் திருத்துவதே மேல்.

3.14-இல் சரியான பிறகும், அதற்கு முன் எப்படி இருந்தது என்பதைப் பக்கத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். இது எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அக்காவின் பழைய லேப்டாப்பில் இரண்டு பிராசஸ் ஆளுக்கு 1000 வரி எழுதும் புரோகிராமை ஓட்டினேன். 2000 வரி வரவில்லை! மூணு நாள் என் புரோகிராமிலேயே தப்பைத் தேடினேன். அப்புறம்தான் அந்த வரி கண்ணில் பட்டது. கெர்னல் எண்ணைப் பார்த்தால், 3.14-க்கு முந்தியது.

அந்தப் புரோகிராம் 20 வரிதான். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் லேப் பீரியடில் என்னிடம் கேளுங்கள்.