கத்திரிக்கு முன்: வெண்பன்றி வளர்ப்போர் கவனத்திற்கு

சித்திரை பாதி தாண்டிவிட்டது. மே முதல் வாரத்தில் கத்திரி பிறக்கும். பரங்கிப்பேட்டை, கிள்ளை, புவனகிரி பக்கம் வெண்பன்றி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஆயத்தமாகுங்கள்.

பன்றிக்கு வியர்வைச் சுரப்பி பேருக்குத்தான். மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்க வேண்டும். வளரும் பன்றிக்கு 18 முதல் 25 டிகிரி வரை சுகம். அதற்கு மேல் போனால் தீனியைக் குறைத்துக்கொள்ளும். செரிமானமே உடம்பில் சூட்டைக் கிளப்பும் வேலை. பகலெல்லாம் ஈரத்தரை தேடி ஒன்றையொன்று ஒட்டாமல் நீட்டிப் படுக்கும், குளிர்ந்த நேரத்தில் எழுந்து தின்னும். சோம்பல் என்று கோலால் தட்டாதீர்கள். ‘நமக்குக் கடற்காற்று உண்டே’ என்பார்கள். உண்டு, கூடவே ஈரமும் உண்டு. ஈரக்காற்றில் எவ்வளவு இரைத்தாலும் சூடு லேசில் இறங்காது.

தீனி விடியலில் கொஞ்சம், பொழுது சாய்ந்தபின் மிச்சம். கூரைமேல் தென்னங்கீற்று. உச்சிப்பொழுதில் தண்ணீர் தெளிப்பு. குட்டிகளை நனைக்க வேண்டாம். இணை சேர்ப்பது, வண்டியில் ஏற்றுவது எல்லாம் விடியலில்தான். ஆண் பன்றி வெயிலில் வாடினால் அடுத்த சில வாரங்களுக்குச் சினைப்பிடிப்பு குறையும்.

இனி தண்ணீர். தொட்டி காயக் கூடாது. போன கோடையில் ‘வெயிலில் செத்தது’ என்று என்னிடம் சொன்ன பன்றிகளில் சில வெயிலால் சாகவில்லை. ஓட்டல் எச்சிலில் உப்பு, கருவாட்டுக் கழிவில் உப்பு, கடலோர போர் தண்ணீரிலும் உப்பு. மோட்டார் ஓடாமல் ஒரு நாள் தொட்டி காய்ந்தால் அந்த உப்பு மூளையில் ஏறுகிறது. மறுநாள் வந்து, பாவம் என்று வயிறுமுட்டக் குடிக்க விடுகிறீர்கள். அப்போதுதான் மூளை வீங்குகிறது. கண் தெரியாமல் நடக்கும், சுவரில் தலையை முட்டி நிற்கும், நாய்போல் குந்தும், வலிப்பு வரும். கொன்றது வெயில் இல்லை ஐயா, காய்ந்த தொட்டி!

தொட்டி காய்ந்தே போயிற்றா? மொத்தமாகக் காட்டாதீர்கள். 50 கிலோ பன்றிக்கு மணிக்குக் கால் லிட்டர் நல்ல தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எச்சிலைக் கொதிக்க வைக்கிறோமே என்று சமாதானம் சொல்லாதீர்கள். கொதித்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும். கருவாட்டுக் கழிவைக் கத்திரி முடியும்வரை நிறுத்துங்கள்.

பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. கரண்டு போகும் ஊர் இது. நிழலில் இரண்டு பேரல் நிரப்பி வையுங்கள். மதியம் ஒருமுறை, படுக்கப்போகுமுன் ஒருமுறை தொட்டிக்குள் கைவிட்டுப் பாருங்கள். பையனை அனுப்பாமல் நீங்களே போங்கள்.