அடிக்கடி தாமதமாக வரும் ஊழியரா? முறைப்படி அணுகுங்கள்

மலேசியாவின் பினாங்கில் 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை அதிகம். ஒருவர் தாமதமானால் முந்தைய ஷிப்டுக்காரர் வீடு திரும்புவதும் தள்ளிப்போகும். மேற்பார்வையாளர்கள் செய்ய வேண்டியவை:

• முதலில் தனியாகப் பேசுங்கள். பினாங்குப் பாலத்தில் நெரிசலா, தொழிற்சாலை பஸ் தாமதமா, வீட்டில் நோயாளி இருக்கிறாரா என்று கேளுங்கள். ஷிப்டை மாற்றினாலே பிரச்சினை தீரக்கூடும்.

• தேதி, வந்த நேரம், சொன்ன காரணம் மூன்றையும் அன்றன்றே பதிவு செய்யுங்கள்.

• தாமதம் தொடர்ந்தால் எச்சரிக்கைக் கடிதமும், அதன்பின் விளக்கம் கோரும் கடிதமும் கொடுங்கள். பதில் எழுத நியாயமான அவகாசம் தாருங்கள்.

• வேலை நீக்கம், பதவி இறக்கம் போன்ற தண்டனைக்கு முன் விசாரணை அவசியம் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் அதிகபட்சம் 2 வாரம்தான். அப்போதும் குறைந்தது பாதிச் சம்பளம் உண்டு. குற்றம் நிரூபணமாகாவிட்டால் மீதியையும் கொடுத்துவிட வேண்டும்.

• அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

ஊழியர்கள் கவனத்துக்கு: நியாயமின்றி வேலை நீக்கம் செய்யப்பட்டதாகக் கருதினால், 60 நாட்களுக்குள் தொழில் உறவுத் துறையிடம் முறையிடலாம். கடிதங்களின் நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.