கம்ப்ரஸர் கத்தினால்: தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு

ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கோடியக்கரை ஆதிசேதுவில் முழுக்குப் போட வருகிற கார்கள் கோடிக்காட்டிலிருந்தே வரிசை கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் சரணாலயத்துக்குப் பூநாரை பார்க்க வருவார்கள். உப்புக்காற்றில் அரை நாள் நின்ற கார் திரும்பும்போது, ஏ.சி. சுவிட்சைத் தட்டியதும் பானட்டுக்குள் கத்தல் கிளம்பும். வேதாரண்யத்தில் நம்முடையதைப் போன்ற பட்டறையைத் தேடி வருவார்கள். முப்பது வருஷமாக இந்தச் சத்தங்களோடு இருக்கிறேன். கற்றதைச் சொல்கிறேன், மனதில் வையுங்கள்.

1. வண்டி வந்ததும் ஸ்பேனரை எடுக்காதே, வண்டிக்காரரிடம் பேசு. சத்தம் எப்போதிலிருந்து? ஏ.சி. போட்டால் மட்டுமா, போடாமலும் உண்டா? கடைசியாக எப்போது கேஸ் ஏற்றினார்கள்? "போன வாரம்தான் ஏற்றினேன், அதிலிருந்துதான் சத்தம்" என்று ஒருவர் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

2. இஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யை அணைத்துக் கேள், பிறகு போட்டுக் கேள். கிளட்ச் உள்ள கம்ப்ரஸரில் ஏ.சி. அணைந்திருந்தாலும் புல்லி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் அணைத்தபோது உறுமி, போட்டதும் குறைந்தால் புல்லி பேரிங்கைச் சந்தேகப்படு. அணைத்தால் அமைதி, போட்டால் கத்தல் என்றால் கிளட்ச், கம்ப்ரஸரின் உள்பாகம், அல்லது அதைப் பிடித்திருக்கும் போல்ட். தளர்ந்த ஒரே ஒரு போல்ட் முழுக் கம்ப்ரஸரும் போனதுபோல அதிரவைக்கும்; முதலில் அதை இறுக்கிப் பார். புது மாடல்கள் பலவற்றில் கிளட்ச்சே கிடையாது, புல்லியோடு உள்தண்டும் எப்போதும் சுற்றும். அங்கே இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

3. இதை நான் அடிபட்டுக் கற்றேன். ஒரு வாடகைக் கார்த் தம்பி, தவணை கட்டி ஓட்டுகிறவர், கரகரவென்ற சத்தத்தோடு வந்தார். காதால் மட்டும் கேட்டுக் கம்ப்ரஸர் என்று முடிவு கட்டினேன். கடன் வாங்கிப் புதிது வாங்கிவந்தார், மாட்டினேன். இஞ்சினைப் போட்டதும் அதே கரகரப்பு. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரின் பேரிங்தான் தேய்ந்திருந்தது, கம்ப்ரஸரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அவர் கோபப்படக்கூட இல்லை, பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் சத்தத்துக்கு விலை சொல்வதில்லை. அதன் முனையைச் சுற்றாத பாகத்தின் மேல் வை, கைப்பிடியைக் காதோடு ஒட்டு. கம்ப்ரஸர் உடல், டென்ஷனர் போல்ட், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேள். சட்டை நுனியும் கையிலோ கழுத்திலோ கட்டிய கயிறும் பெல்ட்டுக்கு எட்டாமல் பார்த்துக்கொள். பிறகு இஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்று. நல்ல பேரிங் வெண்ணெய்போல ஓடும். தேய்ந்தது மணல் அரைப்பதுபோல விரலுக்குத் தெரியும்.

4. நம் ஊர் உப்பை மறக்காதே. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளி வழியாகத்தான் கோடியக்கரைக்குப் போகிற ஒவ்வொரு காரும் போகிறது. இருபுறமும் உப்பளங்கள், சாலையில் உப்பு லாரி சிந்திய ஈரம். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இராத்திரியெல்லாம் இரும்பில் ஒட்டியிருக்கும். நாலைந்து நாள் ஏ.சி. போடாமல் நின்ற காரில் கிளட்ச் தட்டும் புல்லி முகமும் செம்பட்டையாகத் துருப்பிடிக்கும். முதல் தடவை போட்டதும் கீச்சென்று கத்தி, நாலைந்து தடவை ஒட்டிப் பிரிந்ததும் நின்றுவிட்டால் அது மேல் துரு. துருவைச் சுத்தம் செய்து அனுப்பு, காசு வாங்காதே. நிற்கவில்லை என்றால் அடுத்ததற்கு வா.

5. கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டுப் பார். பல வண்டிகளில் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சரியான அளவு அந்தந்தக் கம்பெனிப் புத்தகத்தில் உண்டு. தேய்ந்து கூடிவிட்டால் காயில் தட்டைப் பிடிக்கத் திணறும், தட்டு வழுக்கிக் கத்தும், கருகிய நாற்றம் வரும். உள்ளே இருக்கும் ஷிம்மில் ஒன்றை எடுத்தால் சரியாகிவிடும் வண்டிகள் எத்தனையோ. கேஸையே திறக்காமல் முடிகிற வேலை அது.

6. பிறகுதான் பிரஷர் கேஜ். இஞ்சின் ஓடாமல் கார் ஆறி நிற்கும்போது, 30 டிகிரி சூட்டில் இரண்டு முள்ளும் 95, 100 பவுண்டு பக்கம் சமமாக நிற்கும். அது கேஸ் இருக்கிறது என்பதற்குச் சாட்சி, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அல்ல. இந்த ஒன்றில் ஏமாந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஓடும்போது நம் பகல் வெயிலில் லோ பக்கம் 25 முதல் 45, ஹை பக்கம் 200 சுற்றுவட்டாரம் என்றால் பயமில்லை. ஹை எகிறினால் கண்டென்சரைக் குனிந்து பார்: உப்பு தின்று உதிர்ந்த தகடு, சீமைக்கருவேல் இலை, நின்றுபோன ஃபேன். கேஸ் அதிகமாகிவிட்டாலும் எகிறும். திரவமாகவே கம்ப்ரஸருக்குள் போய் டொக் டொக்கென்று தட்டும். லோ ஏறி, ஹை இறங்கி, இரண்டும் கிட்டே கிட்டே வந்தால் கம்ப்ரஸரால் அழுத்த முடியவில்லை.

7. கேஸை எடை போட்டு ஏற்று. பானட்டுக்கு அடியில் ஒட்டிய தாளில் கிராம் கணக்கு இருக்கும். "கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருக்கிறது" என்பது அளவல்ல.

8. கம்ப்ரஸர் உள்ளேயே உடைந்துவிட்டால் புதிதை மாட்டுவதோடு வேலை முடியாது. குழாயைக் கழற்றி ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பார். கறுத்து, வெயிலில் மின்னுகிற பொடி தெரிந்தால் அந்தப் பொடி பைப் முழுக்கப் போயிருக்கிறது. பைப்பை ஃப்ளஷ் அடி, டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்று. சன்னத் துளையுள்ள கண்டென்சர் ஃப்ளஷில் சுத்தமாவதில்லை, அதையும் மாற்று. இதில் மிச்சம் பிடித்தால் புதுக் கம்ப்ரஸர் கொஞ்ச நாளில் அதே பொடியைத் தின்று சாகும். ஆயில் டப்பாவைத் திறந்து வைக்காதே, ஈரத்தைக் குடிக்கும். நம் ஊரில் இன்னும் வேகமாக. வாக்யூம் அரை மணி நேரம் போட்டு, நிறுத்திவிட்டு முள் நகர்கிறதா என்று பார்.

9. கேஸைக் காற்றில் திறந்துவிடாதே. நாம் ஏற்றுகிற ஆர்-134ஏ கேஸ் ஒரு கிலோ கலந்தால் 1,400 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் சூடேற்றும். அந்தச் சூட்டில் ஏறுகிற கடல் கோடிக்காட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. சிலிண்டரில் மீட்டெடு. கண்ணாடியும் கையுறையும் போடு. திரவம் பட்டால் கண் போய்விடும். அடுப்பு கேஸைக் கலந்து மலிவாக ஏற்றச் சொல்லி யார் வந்தாலும் மாட்டேன் என்று சொல். இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கிற கேஸ் அது, அந்தக் காரில் குழந்தைகள் உட்காருவார்கள்.

10. கழற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடு. பேரிங்கை அவரே சுற்றிப் பார்க்கட்டும்.

11. வண்டியை ஒப்படைக்கும் முன் நீயே ஓட்டு. ரேடியோவை நிறுத்து, கண்ணாடிகளை ஏற்று, ஏ.சி.யை முழுதாகப் போட்டுக் கோடியக்கரை வரை போ. அளத்தைத் தாண்டியதும் சாலை ஓய்ந்துவிடும், டயர் உருளுகிறதும் கம்ப்ரஸர் ஒட்டிப் பிரிகிற 'க்ளிக்'கும் மட்டும் கேட்கும். கலங்கரை விளக்கம் அருகே நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து மறுபடியும் கேள். திரும்பி வந்ததும் கண்டென்சரை நல்ல தண்ணீரில் கழுவிக் கொடு.