அந்தந்த மண்ணின் பணம்

சந்தாபுராவில் ஒரு மாலைப்பொழுது. பொம்மசந்திரத் தொழிற்பேட்டையில் வேலை முடித்து வீடு திரும்பிய தந்தை, பெட்டியிலிருந்த பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் வாழும் அத்தை வீட்டில் திருமணம். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. அங்கே செய்ய வேண்டிய செலவுக்கென இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை 50,000 ரூபாய்.

அப்போது அங்கு வந்த அண்டை வீட்டார், “அண்ணா, எல்லாவற்றையும் அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளுங்கள். டாலர் என்றால் உலகெங்கும் செல்லும்” என்றார்.

எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, நாம் அமெரிக்காவுக்கா செல்கிறோம்?” என்று கேட்டாள். அனைவரும் சிரித்தனர். ஆயினும் அந்தக் கேள்வி தந்தையைச் சிந்திக்க வைத்தது. மறுநாள் அவர் மகளையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குச் சென்றார்.

வங்கி அலுவலர் ஒரு பட்டியலைக் காட்டினார். அதில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு விலைகள் இருந்தன. ஒன்று, வங்கி அதை நம்மிடமிருந்து வாங்கும் விலை. மற்றொன்று, வங்கி அதை நமக்கு விற்கும் விலை. விற்கும் விலை எப்போதும் கூடுதலாக இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே பணம் மாற்றுவோரின் வருவாய். ஆகவே, பணம் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் அதில் ஒரு பகுதி குறைகிறது.

வீடு திரும்பியதும் மகள் கணக்கேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு மாற்றத்திலும் நூற்றுக்கு மூன்று ரூபாய் குறைவதாக வைத்துக்கொண்டாள். ரூபாயை நேரே சிங்கப்பூர்ப் பணமாக மாற்றினால் 1,500 ரூபாய் குறையும். 48,500 ரூபாய் மதிப்புள்ள பணம் கைக்கு வரும். ரூபாயை முதலில் அமெரிக்க டாலராக மாற்றி, அங்கே சென்றபின் சிங்கப்பூர்ப் பணமாக மாற்றினால் இரண்டாம் முறையும் 1,455 ரூபாய் குறையும்; எஞ்சுவது 47,045 ரூபாய் மட்டுமே. “அப்பா, டாலருக்கு வழி காட்டியதற்காக மட்டும் 1,455 ரூபாய் கொடுக்கிறோம்” என்றாள். தந்தைக்கு அந்தத் தொகை எத்தனை நாள் உழைப்பு என்பது தெரியும்.

டாலருக்கு இத்தகைய பெயர் எவ்வாறு வந்தது? 1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்னுமிடத்தில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடினர். அங்கு உருவான ஏற்பாட்டின்படி, ஓர் அவுன்சு தங்கத்தின் மதிப்பு 35 டாலர் எனக் கொள்ளப்பட்டது. பிற நாடுகளின் பணம் டாலரோடு இணைக்கப்பட்டது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்கா, டாலருக்குத் தங்கம் தரும் முறையை நிறுத்தியது. எனினும், நாடுகளுக்கிடையிலான வணிகத்தில் டாலர் இன்றும் முதன்மை பெற்று விளங்குகிறது. கப்பலில் எண்ணெய் வாங்கும் நாட்டுக்கு டாலர் வேண்டும். உணவுக் கடையில் தோசை வாங்கும் பயணிக்கு அந்நாட்டுப் பணமே வேண்டும்.

சில கடைக்காரர்கள் டாலரையும் பெற்றுக்கொள்வர். ஆனால், அதன் மதிப்பை அவர்களே முடிவு செய்வர்; மீதியை உள்ளூர்ப் பணத்தில் தருவர். வங்கி அட்டையைப் பயன்படுத்தும்போதும் கவனம் தேவை. “உங்கள் நாட்டுப் பணத்தில் செலுத்துகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா?” என்று இயந்திரம் கேட்பதுண்டு. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் கூடுதல் கட்டணம் சேர்ந்த மதிப்பில் கணக்கிடப்படும். உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுப்பதே பொதுவாகச் சிக்கனமாகும்.

இதற்கு விலக்குகளும் உண்டு. ஈக்வடார் நாடு 2000ஆம் ஆண்டில் அமெரிக்க டாலரையே தன் பணமாக ஏற்றுக்கொண்டது. பூட்டானில் அந்நாட்டின் நுல்ட்ரமும் இந்திய ரூபாயும் சம மதிப்புடையவை. அங்கு ரூபாயும் செல்லும். சில நாடுகளின் பணம் இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. அங்குச் செல்வோர் டாலர் கொண்டு சென்று மாற்றிக்கொள்வதே வழி. எனவே, புறப்படும் முன் விசாரித்து அறிதல் நன்று.

ஒரு காலத்தில் நம் ரூபாயே பிற நாடுகளில் உள்ளூர்ப் பணமாக வழங்கியது. வளைகுடா நாடுகளுக்கென இந்திய ரிசர்வ் வங்கி 1959இல் தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. குவைத் 1961இலும் பகரைன் 1965இலும் தத்தம் தினாரை வெளியிட்டன. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. எங்கோ எடுக்கப்பட்ட முடிவால் தம் சேமிப்பு கரைவதை விரும்பாத ஏனைய வளைகுடா நாடுகளும், சில ஆண்டுகளுக்குள் ரூபாயைக் கைவிட்டன. தன் பணத்தைத் தானே ஆள வேண்டும் என்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பமாகும்.

திருமணத்துக்குச் சென்ற மகள், அத்தை தம் நாட்டு டாலரை ‘வெள்ளி’ என்று சொல்லக் கேட்டாள். கடையில் மீதியாகக் கிடைத்த நாணயத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் பொறிக்கப்பட்டிருந்தது. இலங்கை, மொரீசியசு நாடுகளின் பணத்தாள்களிலும் தமிழ் உண்டு என்று அத்தை கூறினார். சந்தாபுராவில் நாள்தோறும் கையாளும் பத்து ரூபாய்த் தாளின் பின்புறத்தில், கன்னடமும் தமிழும் ஒரே பட்டியலில் இருப்பது அவள் நினைவுக்கு வந்தது. டாலரோடு சென்றிருந்தாலும் திருமணத்தைக் கண்டிருப்பாள். ஆனால் 1,455 ரூபாய் குறைந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் எஞ்சிய தாள்களைத் தந்தை வங்கியில் கொடுத்து ரூபாயாக்கினார். நாணயங்களை வங்கி பெற்றுக்கொள்ளவில்லை. தமிழ் பொறித்த ஒரு நாணயம் மகளின் எழுதுகோல் பெட்டியில் இடம்பெற்றது.

சொற்பொருள்

பேராளர் – ஒரு நாட்டின் சார்பாகக் கலந்துகொள்பவர்
விலக்கு – பொதுவிதிக்கு உட்படாதது
சிக்கனம் – வீண்செலவு இன்மை

பயிற்சி

1. வாங்கும் விலை, விற்கும் விலை – வேறுபாடு யாது?
2. 80,000 ரூபாய்க்கு மகள் செய்த கணக்கைச் செய்து காட்டுக.
3. வளைகுடா நாடுகள் ரூபாயைக் கைவிட்டது ஏன்?
4. வீட்டிலுள்ள பணத்தாள் ஒன்றில் தமிழும் கன்னடமும் உள்ள இடங்களைக் கண்டு, அவற்றை எழுதுக.